வாயும் வயிறும் பிடியும்

பீர் கிளாஸ் ஒன்று கைக்கு வந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். வாய் எவ்வளவு அகலம், வயிறு எங்கே புடைக்கிறது, பிடிக்கும் கை எங்கே போய் அமர்கிறது. இந்த மூன்றையும் பார்க்கப் பழகிவிட்டால், பெயர் தெரியாத கிளாஸாக இருந்தாலும் எந்த மாதிரி பீருக்கு ஆனது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

இதை நான் சொல்லிக் கொடுத்தது கடத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில். கேட்டவன் என் அக்கா மகன். கேட்டரிங் படிப்பை முடித்துவிட்டுப் பெங்களூரில் பீரை அங்கேயே காய்ச்சி ஊற்றும் பப் ஒன்றில் வேலைக்குச் சேரப் போகிறான். அங்கே ஒரு சுவர் நிறைய கிளாஸ் அடுக்கியிருந்ததைப் போனில் படம் பிடித்து வந்திருந்தான். "எல்லாத்துலயும் ஊத்தப் போறது பீர்தானே மாமா, எதுக்கு இத்தனை தினுசு?" என்றான். கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் பக்கத்துப் பையன்கள் வருஷா வருஷம் தருமபுரி போய் பஸ் மாறிப் பெங்களூரு ஹோட்டல்களுக்குப் போகிறார்கள். போன முதல் மாதம் எதற்கு எது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. தப்பு செய்த பிறகு திட்டுவதோடு சரி. நானும் பத்து வருஷத்துக்கு மேல் அந்த ஊர் ஹோட்டல்களில் பரிமாறியவன் என்பதால், டீயைச் சொல்லிவிட்டுப் பொறுமையாக ஆரம்பித்தேன்.

டீ வந்ததும் குடிக்காதே, முதலில் அந்தக் கிளாஸைப் பார் என்றேன். அடி குறுகி, வாய் சற்று விரிந்து, சுவரில் பட்டை பட்டையாக வரி ஓடியிருக்கும் அந்தச் சின்ன டீ கிளாஸில் எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. அடிக்கண்ணாடி தடிமன், அதனால் மேசையில் வைக்கும்போது சட்டென்று உடையாது. வரிகள் இருப்பதால் விரல் கண்ணாடி முழுக்க ஒட்டாது, சூடு குறைவாகத் தெரியும். மாஸ்டர் ஆற்றி ஊற்றும் நுரை மேலே ஒரு விரற்கடை நிற்க இடம் இருக்கிறது. நூறு மில்லி அளவுதான் என்பதால் ஆறுவதற்குள் குடித்து முடித்துவிடலாம். இதே டீயை அரை லிட்டர் சொம்பில் கொடுத்தால் பாதியிலேயே ஆறிப்போகும். பீர் கிளாஸின் கணக்கும் இதுவேதான், ஒரே ஒரு மாற்றம்: டீ ஆறிவிடக் கூடாது, பீர் சூடேறிவிடக் கூடாது.

நுரையைப் பற்றி முதலில் பேசிவிட வேண்டும், ஏனென்றால் கிளாஸின் பாதி வேலை நுரையைக் காப்பது. நம்மூரில் நுரையை நஷ்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். சாய்த்துச் சாய்த்து ஊற்றி நுரையே இல்லாமல் விளிம்பு வரை நிரப்பினால்தான் திருப்தி. ஆனால் பீரின் வாசனை அந்த நுரை வழியாகத்தான் மூக்குக்கு ஏறுகிறது. நுரை மூடி நிற்கும் வரை உள்ளே கரைந்திருக்கும் வாயுவும் வேகமாக வெளியேறாது. சோடாவை ஊற்றினால் பொங்கிய நுரை நொடியில் அடங்கிவிடும், பீர் நுரை மட்டும் நிமிஷக்கணக்கில் நிற்கிறது. பார்லி மால்ட்டிலிருந்து வரும் புரதமும், ஹாப்ஸ் என்கிற கொடியின் பூ தரும் கசப்புப் பொருளும் சேர்ந்து ஒவ்வொரு குமிழியின் தோலையும் கெட்டிப்படுத்துவதுதான் காரணம். இந்தத் தோலுக்குப் பெரிய எதிரி எண்ணெய்ப் பசையும் சோப்பும். பால் ஆடை, நெய், உதட்டுச் சாயம், சரியாக அலசாத சோப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று துளி இருந்தாலும் நுரை விழுந்துவிடும்.

இதைப் படம் வரைந்து விளக்க வேண்டியதில்லை. கடைக்காரரிடம் ஒரு சோடாவும், டீ குடித்து வெறும் தண்ணீரில் முக்கியெடுத்த ஒரு கிளாஸும், புதிதாகத் தேய்த்து நன்றாக அலசிய ஒரு கிளாஸும் கேட்டேன். இரண்டிலும் சோடாவை ஊற்றினோம். தேய்த்த கிளாஸில் குமிழிகள் நேராக மேலே ஏறிப் போயின, சுவர் பளிச்சென்று இருந்தது. முக்கியெடுத்த கிளாஸில் பால் பசை ஒட்டியிருந்த இடத்திலெல்லாம் குமிழிகள் திட்டுத் திட்டாகச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றன. பெங்களூரில் மேசைக்கு வந்த கிளாஸில் இப்படிப் பக்கவாட்டில் குமிழி ஒட்டியிருந்தால் அந்தக் கிளாஸ் அழுக்கு என்று அர்த்தம், பீரைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னொரு சோதனையும் இருக்கிறது. ஈரக் கிளாஸின் உள்பக்கம் உப்புத் தூளைத் தூவினால் சுத்தமான கண்ணாடியில் சீராக ஒட்டும், பசை இருக்கும் இடத்தில் ஒட்டாமல் வெறுமையாக விட்டுவிடும். சுத்தமான கிளாஸில் பீர் குடித்தால், ஒவ்வொரு மடக்குக்கும் நுரை சுவரில் ஒரு வளையத்தை விட்டுவிட்டுக் கீழே இறங்கும். குடித்து முடித்த காலி கிளாஸைப் பார்த்தே அது எப்படிக் கழுவப்பட்டது என்று சொல்லலாம்.

ஆகவே எந்தக் கிளாஸ் என்று கற்பதற்கு முன்னால் எந்தத் தொட்டி என்று கற்றுக்கொள் என்றேன். லஸ்ஸி, மில்க் ஷேக் ஊற்றிய கிளாஸோடு பீர் கிளாஸைச் சேர்த்துக் கழுவவே கூடாது. துணியால் துடைக்கவும் கூடாது, நூல் ஒட்டும். கம்பித் தட்டில் கவிழ்த்து, காற்று உள்ளே போகும்படி காய விட வேண்டும். இந்தப் பாடத்தை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டவன், கிளாஸின் பெயர் தெரியாமல் தடுமாறினாலும் நல்ல வேலைக்காரன்தான்.

பிறகு படங்களுக்கு வந்தோம். முதலில் இருந்தது பிடி வைத்த மக். எல்லாருக்கும் தெரிந்தது. கண்ணாடி தடிமன், காதைப் பிடித்துத் தூக்குவதால் கைச்சூடு பீருக்குப் போகாது, கிளாஸோடு கிளாஸ் மோதினாலும் உடையாது. கும்பலாக உட்கார்ந்து பேசிக்கொண்டே நிறையக் குடிக்கும் இடத்துக்கு ஆனது. ஜெர்மனியின் மியூனிக் நகரத்து அக்டோபர் விழாவில் ஒரு லிட்டர் பிடிக்கும் மக்தான் கணக்கு. பரிமாறும் பெண்கள் இரண்டு கையிலும் சேர்த்துப் பத்துக்கு மேல் தூக்கி வருவார்கள். இங்கிலாந்தில் சுவர் முழுக்கக் குழி குழியாக இருக்கும் மக் இன்னொரு ரகம். மக்கில் வாசனைக்கென்று எந்த ஏற்பாடும் இல்லை, வாய் அகலமாகத் திறந்து கிடக்கும். சாதாரண லாகர் பீருக்கு அது போதும்.

இந்த மக் கண்ணாடிக்கு முந்தைய காலத்தது. கண்ணாடி விலை அதிகமாக இருந்தபோது ஐரோப்பாவில் பெரும்பாலோர் சுட்ட மண்ணிலும் ஈயமும் தகரமும் கலந்த உலோகத்திலும் செய்த மக்கில்தான் குடித்தார்கள். பீரும் கருப்பாக, கலங்கலாக இருந்ததால் உள்ளே என்ன நிறம் என்று யாருக்கும் கவலையில்லை. 1842இல் பொஹீமியாவின் பில்சன் ஊரில் ஜோசப் குரோல் என்ற பவேரியாக்காரர் பொன்னிறத்தில், தெளிவான பீர் ஒன்றைக் காய்ச்சினார். பொஹீமியா கண்ணாடித் தொழிலுக்கும் பேர் போன இடம். கண்ணாடி மலிவாகிக்கொண்டு வந்த அந்த நூற்றாண்டிலேயே, கண்ணால் பார்த்து ரசிக்கும் பீரும் வந்து சேர்ந்தது. அந்தப் பீரின் பெயராலேயே பில்ஸ்னர் கிளாஸ் என்று ஒன்று உண்டு. உயரமாக, ஒல்லியாக, அடியிலிருந்து வாய் வரை மெல்ல விரிந்துகொண்டே போகும். ஒல்லியாக இருப்பதால் நிறமும் தெளிவும் தெரியும், குமிழி ஏறுவதும் கண்ணுக்குத் தெரியும். வாய் விரிந்திருப்பதால் நுரைக்குக் கொஞ்சம் தாங்கல் கிடைக்கும். இன்று உலகத்தில் விற்கும் பீரில் பெரும்பகுதி இந்தப் பொன்னிற லாகரின் வழி வந்ததுதான். நம்மூரில் பாட்டிலில் வரும் பெரும்பாலானவையும் அதே குடும்பம்.

அடுத்தது பின்ட். இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் அளவு ஊருக்கு ஊர் மாறுகிறது. இங்கிலாந்தில் ஒரு பின்ட் 568 மில்லி, அமெரிக்காவில் 473 மில்லி, நம் நாட்டில் பின்ட் என்று கேட்டால் 330 மில்லி பாட்டிலைக் கையில் கொடுப்பார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்து பின்ட் என்றால் எந்த அளவு என்று கேட்டுக்கொள்வது நல்லது. இங்கிலாந்து பின்ட் கிளாஸில் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு புடைப்பு ஓடும். வாசனைக்கோ ருசிக்கோ அதனால் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் இறுகிச் சிக்கிக்கொள்ளாது, பக்கத்துக் கிளாஸோடு உரசும்போது புடைப்பு அடி வாங்கிக்கொள்வதால் விளிம்பு சிதறாது, ஈரக்கையிலிருந்து வழுக்காது. பரிமாறுகிறவனுக்காகவே உண்டான வடிவம் என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை. அமெரிக்க பின்ட் கிளாஸ் நேர்ச்சுவராக, மேலே கொஞ்சம் விரிந்து, தடிமனாக இருக்கும். காக்டெயில் குலுக்குவதற்காக வைத்திருந்த கிளாஸைத்தான் பீருக்கும் எடுத்துக்கொண்டார்கள். விலை குறைவு, உடையாது, அடுக்கி வைக்க வசதி. முதலாளிக்குப் பிடித்த கிளாஸ் என்பேன். நல்ல பீரை அதில் ஊற்றினால் வாசனை நிற்காமல் போய்விடும்.

படத்தில் இருந்ததிலேயே உயரமானதைக் காட்டி இது என்ன என்றான். கோதுமை பீர் கிளாஸ். இதை நன்றாகத் தெரிந்துகொள், பெங்களூரில் உன் கைக்கு அதிகம் வரப்போவது இதுதான் என்றேன். 2010இல் இந்திரா நகரில் டாயிட் என்ற பப் திறந்த காலத்திலிருந்து பெங்களூரில் இப்படி அங்கேயே காய்ச்சி விற்கும் இடங்கள் பெருகின, கோதுமை பீர் இல்லாத இடத்தைப் பார்ப்பது அரிது. இந்தக் கிளாஸ் அரை லிட்டர் பீர் கொள்ளும். அதற்கு மேலே நுரைக்கென்றே தாராளமாக இடம் விட்டிருக்கும். கோதுமையில் புரதம் அதிகம், இந்தப் பீரில் வாயுவும் அதிகம், அதனால் நுரை பொங்கி எழும், சாதாரணக் கிளாஸில் ஊற்றினால் பாதி மேசையில்தான் கிடக்கும். அடி குறுகியும் மேல்பகுதி புடைத்தும் இருக்கும் அமைப்பு அந்த நுரையைப் பிடித்து நிறுத்துகிறது. இந்தப் பீரில் ஈஸ்ட்டே வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் உண்டாக்கும், வெளியிலிருந்து எதுவும் சேர்ப்பதில்லை. புடைத்த மேல்பகுதியில் அந்த வாசனை தங்கும்.

ஊற்றும் முறை தனி. கிளாஸை முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசி ஈரமாகவே எடுக்க வேண்டும், ஈரச்சுவரில் நுரை கட்டுக்குள் நிற்கும். நன்றாகச் சாய்த்துப் பிடித்து மெதுவாக முக்கால் பங்கு ஊற்ற வேண்டும். பாட்டிலாக இருந்தால் அங்கே நிறுத்தி, மிச்சத்தை ஒரு சுழற்றுச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கலக்கிவிட்டு, கிளாஸை நிமிர்த்தி மேலே ஊற்ற வேண்டும். கலங்கலாக வந்தால்தான் அது சரி. தெளிவாக இல்லையே என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பப் பார்த்தால் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியது உன் வேலை. மற்ற பீருக்கெல்லாம் முதலில் சாய்த்து, பாதி நிறைந்ததும் நிமிர்த்தி நடுவில் விழும்படி ஊற்றினால் இரண்டு விரற்கடை நுரை வரும், அதுவே போதும்.

ஜெர்மனியிலேயே கொலோன் நகரத்தில் நேர் எதிரான ஒன்று இருக்கிறது. 200 மில்லி மட்டுமே பிடிக்கும், நேரான, மெல்லிய குழாய் வடிவக் கிளாஸ். அங்கே காய்ச்சும் கோல்ஷ் பீர் இலேசானது, ஊற்றி வைத்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். அதனால் சின்னதாக ஊற்றி, முடிந்ததும் அடுத்ததை வைத்துவிடுவார்கள். பரிமாறுகிறவர் வட்டமான தட்டில் துளை துளையாக வைத்துப் பத்துப் பன்னிரண்டு கிளாஸை ஒரே கையில் தூக்கி வருவார். காலியான கிளாஸைப் பார்த்தால் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, மேசையில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். போதும் என்றால் அந்த அட்டையை எடுத்துக் கிளாஸின் மேல் மூடிவிட வேண்டும். வேறு பேச்சே வேண்டியதில்லை. எந்தப் பீரைக் கோல்ஷ் என்று சொல்லலாம் என்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் 1986இல் தங்களுக்குள் ஒப்பந்தமே போட்டுக்கொண்டார்கள்.

பெல்ஜியம் என்றால் கிளாஸுக்கு முடிவே இல்லை, காய்ச்சும் ஒவ்வொருவரும் தங்கள் பீருக்கென்று ஒரு கிளாஸ் வைத்திருப்பார்கள். அதில் முக்கியமாக இரண்டு வடிவம். ஒன்று தண்டு வைத்து, அகலமான கிண்ணமாக, வாய் திறந்து இருப்பது. மடங்களில் துறவிகள் காய்ச்சும் டிராப்பிஸ்ட் பீர்களுக்கு இது வழக்கம். ஓர்வால் என்ற மடத்தைத் திரும்பக் கட்டிய கட்டடக் கலைஞர் ஹென்றி வாஸ்தான் அந்த மடத்துப் பீருக்கான கிளாஸையும் வரைந்து கொடுத்தார், 1930களில். கட்டடம் வரைந்த அதே கை கிளாஸும் வரைந்தது என்று நினைக்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. இரண்டாவது துலிப். தண்டு, புடைத்த வயிறு, பிறகு உள்ளே ஒடுங்கி, விளிம்பில் மறுபடி கொஞ்சம் வெளியே விரியும். வயிற்றில் வாசனை சேரும், ஒடுங்கிய கழுத்து அதைச் சிதற விடாது, விரிந்த விளிம்பு நுரையைத் தாங்கும். டூவெல் என்ற பீரின் துலிப்பில் உள்ளே அடிக்கண்ணாடியைக் கீறி விட்டிருப்பார்கள். அந்தக் கீறலிலிருந்து குமிழி விடாமல் கிளம்பிக்கொண்டே இருக்கும், நுரையும் தீராது. அழுக்கில் குமிழி ஒட்டுவதும் இந்தக் கீறலில் குமிழி பிறப்பதும் அடிப்படையில் ஒன்றே. வழவழப்பான சுத்தமான கண்ணாடியில் குமிழி உண்டாக இடம் கிடையாது, கரடு முரடு வேண்டும். ஒன்றை நாம் வேண்டுமென்று நடுவில் வைக்கிறோம், மற்றது கழுவாததால் பக்கத்தில் வந்து உட்காருகிறது.

துலிப்பை இன்னும் குட்டையாக்கி, வாயை நன்றாக ஒடுக்கினால் பிராந்திக்கு வைக்கும் கிளாஸ் வந்துவிடும். போதை அதிகமுள்ள, கருமையான, கனத்த பீரை அதில் கொஞ்சமாக ஊற்றுவார்கள். இங்கே மட்டும் கைச்சூடு நல்லது. ரொம்பக் குளிர்ந்தால் அந்த ரகத்தில் வாசனையே எழும்பாது, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மெதுவாகக் குடிப்பார்கள். கை தண்டிலா, கிண்ணத்திலா, காதிலா என்று பிடியைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஹாப்ஸ் வாசனை தூக்கலாக இருக்கும் ஐபிஏ பீருக்கு 2013இல் ஜெர்மனியின் ஸ்பீகலாவ் கண்ணாடிக் கம்பெனி, அமெரிக்காவில் பீர் காய்ச்சும் சியரா நெவாடா, டாக்ஃபிஷ் ஹெட் ஆகிய இரண்டோடும் சேர்ந்து ஒரு கிளாஸ் செய்தது. கீழ்ப்பாதி குறுகி வளையம் வளையமாக இருக்கும், மேல்பாதி மெல்லிய கண்ணாடியில் புடைத்திருக்கும். ஒவ்வொரு மடக்கிலும் பீர் அந்த வளையங்களில் மோதித் திரும்புவதால் நுரை புதிதாக எழும். மெல்லிய கண்ணாடி, கழுவும்போது கை பதமாக இருக்க வேண்டும்.

டீ இரண்டாம் முறை வந்தது. நம்மூரில் இதெல்லாம் ஏன் மாமா இல்லை என்று கேட்டான். பானத்துக்கேற்ற பாத்திரம் நமக்கும் இருந்தது. பதநீருக்குப் பனையோலைப் பட்டை, கள்ளுக்கு மொந்தை. ஆனால் பீர் நம் பக்கத்தில் வேர் பிடித்த கதை வேறு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான், அதனால் கடத்தூரும் அன்று அந்தச் சேலத்துக்குள்தான் இருந்தது. அதே காலத்தில் பெங்களூர்ப் பக்கம் கதை வேறாக ஓடிக்கொண்டிருந்தது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து பீர் ஆலைகளைச் சேர்த்து யுனைட்டெட் புரூவரீஸை ஆரம்பித்திருந்தார். வெள்ளைக்காரப் படைகளுக்குப் பீப்பாயில், மாட்டு வண்டியில் பீர் போனது. அந்தக் கம்பெனிதான் இன்றைக்கு கிங்ஃபிஷர் போடுகிறது. நம் பக்கத்து பார்களில் 650 மில்லி பாட்டிலை வாங்கி, குடித்ததும் எறிந்துவிடும் டம்ளரில் ஊற்றி, சூடேறுவதற்குள் அவசரமாக முடிப்பதுதான் வழக்கம். குடியால் அழிந்த குடும்பங்களை இந்த ஊரில் தெருவுக்குத் தெரு பார்த்தவன் நான், குடியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அக்கா மகனும் தொடாதவன். ஆனால் தொழில் என்று போன பிறகு, கையில் எடுக்கும் பொருளைத் தெரியாமல் எடுக்கக் கூடாது.

ஃப்ரீசரில் வைத்து உறைபனி படிந்த மக்கைப் பற்றிக் கேட்டான். வாடிக்கையாளர் விரும்பிக் கேட்பார், கொடுத்துவிடு. ஆனால் ஊற்றும்போது நுரை தாறுமாறாகப் பொங்கும், பனி உருகிப் பீரில் தண்ணீர் சேரும், நாக்கு மரத்து ருசி தெரியாது. ஃப்ரீசரில் மீனோ கறியோ இருந்தால் அந்த வாடையும் பனியில் ஏறியிருக்கும். லேசான லாகரை நன்றாகக் குளிரவைத்துக் கொடுக்கலாம், அதற்கும் பீர் குளிர்ந்திருந்தால் போதும், கிளாஸ் உறைய வேண்டியதில்லை.

கடைசிப் படத்தில் அடி உருண்டையாக, தானாக நிற்க முடியாமல் மரச்சட்டத்தில் மாட்டியிருந்த கிளாஸ் ஒன்று. அது பெல்ஜியத்து குவாக். குதிரை வண்டிக்காரர்கள் வண்டியை விட்டு இறங்காமல் குடிப்பதற்காகத் தொங்கவிடும்படி செய்தது என்று அங்கே கதை சொல்வார்கள். கடைசியாக அடியில் பீர் மிச்சமிருக்கும்போது சாய்த்தால் கழுத்தில் காற்று புகுந்து, அவ்வளவும் ஒரேயடியாக முகத்தில் வந்து விழும். மேசையில் வைக்கும்போதே, கடைசி மடக்கைக் கிளாஸை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே குடிக்கச் சொல் என்றேன். அவன் அதைப் போனில் தட்டிக் குறித்துக்கொண்டான். கூடவே இன்னொன்றையும் எழுதச் சொன்னேன்: கழுவும் மெஷினிலிருந்து சுடச்சுட எடுத்த கிளாஸில் குளிர்ந்த பீரை ஊற்றாதே, நுரை எகிறும், கண்ணாடியும் விரிசல் விடும். விளிம்பில் விரலை ஓட்டிப் பார், முள் மாதிரி தட்டுப்பட்டால் எவ்வளவு விலையுள்ள கிளாஸாக இருந்தாலும் அப்போதே தனியாக எடுத்து வைத்துவிடு.